தமிழ் மிஸி கண்ணை மூடிய காலை

நோயாளிகளிடம் நான் கூச்சமில்லாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "வெளிக்குப் போறது என்ன நிறம்?" பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன். தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டிக்கொண்டு, ஒரு தனி நாற்றத்தோடு போனால் வயிற்றுக்குள் எங்கோ இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். தாதியர் பாடசாலையில் முதல் வருஷமே இதைச் சொல்லித்தந்துவிடுவார்கள். எனக்கு எட்டு நாள் அப்படிப் போனது. இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது நான் இரும்புச்சத்து மாத்திரை எடுக்கவே இல்லை.

என் பெயர் புவனேஸ்வரி. இலங்கையில் நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். பதுளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், பெண்கள் மருத்துவ வார்டில் தாதியாக இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, இன்னும் அங்கேதான் எனக்குச் சம்பளம். வேலை செய்த வார்டிலேயே எட்டு நாள் நோயாளியாகப் படுத்திருந்தேன். இப்போது லீவில் அம்மாவின் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் விழுந்த கதையைத்தான் சொல்ல நினைத்தேன். எழுத எழுத அது இராமாயி என்ற பெண்ணிடம் போய் நின்றுவிடுகிறது. அவளை விட்டுவிட்டு எழுதுவதென்றால் இதை எழுதவே தேவையில்லை.

முதலில் நான் எப்படி விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் தாதிகள் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி மாற்றலாகி வவுனியாவுக்குப் போனாள். ஒருத்தி பிள்ளைப்பேற்று லீவில் போனாள். மிச்சம் நான் ஒருத்தி. வருகிறவர்களோ நிறையப் பேர் தோட்டத்துச் சனங்கள். கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் அவர்களிடம் உண்டு. வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அது போதாது. தாதியை இங்கே மிஸி என்பார்கள். அதனால் எங்கு பார்த்தாலும் "தமிழ் மிஸி எங்கே?" என்றுதான் சத்தம். சத்திரசிகிச்சை வார்டில் ஒரு பெரியவர் கையெழுத்துப் போட மறுக்கிறார், தமிழ் மிஸியை வரச்சொல். சிறுவர் வார்டில் ஒரு அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள், ஏனென்று விளங்கவில்லை, தமிழ் மிஸியை வரச்சொல். ஒரு தடவை பிணவறையிலிருந்துகூட ஆள் வந்தது. இதற்கென்று ஒரு ஏற்பாடு இல்லையா என்று கேட்பீர்கள். வாசலில் மூன்று மொழியிலும் பலகை இருக்கிறது. பலகை பேசாதே!

ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தால் என் கட்டில்கள் அப்படியே காத்திருக்கும். ஊசி, காய்ச்சல் பார்ப்பது, டிக்கட் என்கிற நோயாளிக் குறிப்பில் எழுதுவது, ஒன்றும் குறையாது. பகல் சோற்றுப் பொட்டலத்தை நாலு மணிக்குப் பிரித்தால் புளித்திருக்கும். ஓட்டத்தில் இடுப்பு வலி வந்தது. வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு ஒரு வலி மாத்திரை, பின்னேரம் இன்னொன்று. "சாப்பிட்டுட்டுத்தான் இந்த மாத்திரையப் போடணும், இல்லாட்டி வயித்தப் புண்ணாக்கிடும்" என்று அதே வாயால் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தானே உபதேசம்.

என் குணமும் அப்படி. யாராவது கேட்பதற்கு முன்னாலேயே போய் நிற்பவள் நான். என்னோடு வேலை செய்யும் நில்மினி எனக்கு நேர்மாறு. சிங்களப் பெண், வயதில் இளையவள். கஷ்டமாக இருந்தால் தாதியர் அறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாள். "இன்றைக்கு என்னால் முடியாது, வேறு யாரையாவது போடுங்கள்" என்று வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் முகத்துக்கு நேரே சொல்லுவாள். லீவு போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு வருவாள். எனக்கு அவளைக் கண்டால் இளப்பம். இதெல்லாம் ஒரு தாதியா என்று நினைத்துக்கொள்வேன். அவள் இன்றைக்கும் வார்டில் நிற்கிறாள். விழுந்தது நான்.

அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஃபோர்ம் கட்டோடு வந்தாள். தாதிகளின் குணம் என்ன, கஷ்டம் வந்தால் மறுபடி எழுந்து நிற்கும் பலம் எவ்வளவு, வேலை செய்து செய்து உள்ளுக்குள்ளே எரிந்து தீர்ந்துபோவது யாருக்கு நடக்கிறது, இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். அந்த எழுந்து நிற்கும் பலத்துக்குத் தமிழ் ஃபோர்மில் ‘மீள்திறன்’ என்று போட்டிருந்தது. மற்ற எல்லோரும் சிங்கள ஃபோர்ம் எடுத்தார்கள். நான் பெருமையாகத் தமிழ் ஃபோர்மை எடுத்தேன்.

கேள்விகள் நல்ல கேள்விகள்தான். ‘வார்ட் கதவைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா?’ ஒருபோதும் இல்லை. ‘வீட்டுக்குப் போன பிறகும் களைப்பு தீராமல் இருக்கிறதா?’ ஒருபோதும் இல்லை. ‘நோயாளி பேசும்போது காதில் விழாததுபோல் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ ஒருபோதும் இல்லை. பதில் போட்ட பேனை எங்கும் நிற்கவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் எழுதவில்லை. அது எங்கள் ஆட்களின் பழக்கம். தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன்னால் எல்லோரும் கூடுகிற இடம் பெரட்டு. கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். "பாக்கியம்?" என்றால் எங்கள் அம்மா "இருக்கேங்க" என்பாள். உடம்பு அனலாகக் கொதிக்கும், பல் கிட்டிக்கொண்டு வரும், ஆனாலும் "இருக்கேங்க". வெளியாள் ஒருத்தர் கையில் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் எங்களுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். பதினாறு வருஷம் படித்து, வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் தொப்பி வைத்த பிறகும் நான் பெரட்டில்தான் நின்றிருக்கிறேன்.

ஃபோர்மில் பேர் எழுத வேண்டியதில்லை. ஆனால் முழு ஆஸ்பத்திரியிலும் தமிழில் நிரப்பிய ஃபோர்ம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளை சூதுவாது தெரியாதவள். முடிவு சொன்ன அன்றைக்கு, "இந்த வார்டில் மீள்திறன் ஆகக் கூடினது தமிழ் ஃபோர்மில்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. சிஸ்டர் நல்ல மனுஷி. அடுத்த மாதம் யாருக்கு இரட்டை வேலை போடலாம் என்று யோசித்தபோது அவருக்கு என் ஞாபகம் வந்ததில் என்ன பிழை? "புவனா தாங்குவாள்" என்றார். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ கெட்டுப்போனது. நோயாளிகளின் பேர் மறந்துபோய் கட்டில் இலக்கத்தில் கூப்பிட ஆரம்பித்தேன். பதினொன்று, இருபத்திரண்டு என்று. ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா மூன்றாம் தடவையாகத் தண்ணீர் கேட்டபோது, "ஒங்களுக்குக் கை இல்லையா?" என்று கத்தினேன். அந்த அம்மாவின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் கேட்ட நாலு கேள்வியை ஒரு கேள்வியாகக் கேட்டு, அவர்கள் சொன்ன பத்து வார்த்தையை இரண்டு வார்த்தையாகச் சொல்லுவேன். யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டொக்டர்மார் வார்டைச் சுற்றிப் பார்க்கும் நேரம், மருந்துத் தள்ளுவண்டியைப் பிடித்தபடியே விழுந்தேன். மாத்திரைகள் தரையெல்லாம் உருண்ட சத்தம் கேட்டது. அட, இதையெல்லாம் இனி யார் பொறுக்குவது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது பதினேழாம் கட்டிலில் கிடந்தேன். நில்மினி என் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

ஹீமோகுளோபின், அதாவது இரத்தத்தில் சிவப்பின் அளவு, குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். எனக்கு ஆறு புள்ளி எட்டு. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் எண்டொஸ்கோப்பி. நுனியில் கமரா வைத்த குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பது. நான் எத்தனையோ பேரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, மூக்கால மூச்சு விடுங்க, முடிஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறேன். ஒண்ணுமில்லையாவது! நெஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, யாராவது கையைப் பிடிக்கமாட்டார்களா என்று தவித்தேன். இரைப்பையில் இரண்டு புண். ஒன்றிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அந்த இடத்திலேயே மருந்து ஊசி போட்டு அடைத்தார்கள். "வலி மாத்திரை எத்தனை நாளாக?" என்று பெரிய டொக்டர் கேட்டார். "ஆறு மாதம்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னேரம் நோயாளி பார்க்கும் நேரத்துக்கு அம்மா வந்தாள். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புண்ணுக்குக் கட்டச்சம்பல்! நில்மினி அதைப் பறித்துக்கொண்டு போய்த் தாதியர் அறையில் தின்றுவிட்டாள். அம்மா கட்டிலுக்குக் கட்டில் போய், "எங்க மகதாங்க இங்கன மிஸி, இப்ப மேலுக்கு முடியாம படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். என் புருஷன் செல்வம் பதுளை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். அவரும் வந்திருந்தார். சீப்பை எடுத்து என் தலையை வாரிப் பின்னினார். பின்னல் கோணலாக ஒரு காதுக்குப் பின்னால் போய் முடிந்தது. அதைப் பிரிக்க மனமில்லாமல் மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை பக்கத்துக் கட்டிலுக்கு, பதினெட்டுக்கு, இராமாயி வந்தாள். நாற்பது வயதிருக்கும். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். காய்ச்சல், அடிவயிற்றில் வலி. சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. அன்று பின்னேரம் வந்த அம்மா, நான் யார் என்று அவளுக்கும் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் கட்டிலில் இருந்தபடியே என் பக்கம் சாய்ந்தாள்.

"மிஸி, ஒண்ணு கேக்கவா? இந்த வலதுபக்கம் வலி விடமாட்டேங்குது. நடந்தா இழுக்குது. காலைல ரெண்டு வாட்டி கக்கூசுல வாந்தி எடுத்தேன். யாருக்கும் தெரியாது, தண்ணி ஊத்திட்டேன்."

"டொக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அய்யய்யோ! ஞாயித்துக்கெழம மூத்த புள்ளைக்கு சடங்கு மிஸி. பந்தல் போட்டாச்சு. எந்தம்பி அப்புத்தளைல இருந்து சீர் கொண்டாறான். ஆத்தாக்காரி நான் இல்லாம புள்ளைக்கு யாரு தண்ணி ஊத்துறது? சொன்னா இங்கனயே புடிச்சு வச்சிருவாங்க. நீங்களும் சொல்லிறாதீங்க."

வலது அடிவயிறு, நடந்தால் இழுப்பு, வாந்தி. குடல்வாலாக இருக்கலாம் என்று என் மண்டைக்குள் மணி அடித்தது. குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் விரல் மாதிரித் தொங்கும் ஒரு துண்டு. அது வீங்கி வெடித்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும், ஆளையே கொண்டுபோய்விடும். "நாளைக்கு டொக்டர்கிட்ட சொல்லணும் அக்கா, இது வெளையாட்டில்ல" என்றேன். "சரி மிஸி, பாப்போம்" என்றாள். அந்தப் ‘பாப்போம்’ எனக்குத் தெரியும். எங்கள் அம்மா சொல்லுகிற ‘பாப்போம்’ அது.

சனிக்கிழமை காலை ஓர் இளம் டொக்டர் வந்தார். வந்து இரண்டு வாரம்தான் இருக்கும். இராமாயியின் டிக்கட்டைப் பார்த்துவிட்டு, "தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். வார்ட் முழுக்க என் கட்டிலைத்தான் பார்த்திருக்கும். எனக்கு அது தெரியாது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

தூங்கவில்லை. அவர் கேட்டது ஒவ்வொரு எழுத்தாகக் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் போதும், எழும்பக்கூட வேண்டாம், படுத்தபடியே இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை என்னிடம் இல்லை. எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் இறைத்த கிணற்றில் வாளியை விட்டால் மண் தட்டுகிற மாதிரி இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் நான் நோயாளி, இன்றைக்கு ஒரு நாள் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றுதான் உள்ளுக்குள் கத்தினேன். அவள் சாகக்கூடும் என்று தெரிந்தும் கத்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"அவரை விடுங்கள் டொக்டர், தூங்கட்டும், பாவம்" என்றாள் நில்மினி.

டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "வலி இருக்கா? வலி?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. சொகங்க" என்றாள் இராமாயி.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறார். அது எனக்குக் கேட்டது. அவள் மூச்சு ஒரு கணம் நின்றது, பிறகு மெதுவாக வெளியே வந்தது. அவ்வளவுதான். அழுத்தினால் வலியில் முகம் சுளிக்கும், கை தட்டிவிடும் என்று டொக்டர்மார் படித்திருக்கிறார்கள். கொழுந்துக் கூடையைத் தலையில் கட்டிக்கொண்டு, அட்டை கடித்த காலோடு மலை ஏறுகிறவள் முகம் சுளிக்கமாட்டாள் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. மீள்திறன் என்று அந்தப் பிள்ளையின் ஃபோர்மில் இருந்ததே, அது இராமாயியிடம் என்னைவிடக் கூட இருந்தது. டொக்டர் பார்த்த மட்டில் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. வீட்டுக்குப் போகவிட்டு, ஸ்கேனுக்குத் திங்கட்கிழமை வரச்சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்.

பதினொரு மணிபோல அவள் சேலை மாற்றி, தலை முடிந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போது கண்ணைத் திறந்தேன்.

"போயிட்டு வாரேன் மிஸி. ஒங்க புண்ணியத்துல விட்டுட்டாங்க."

என் புண்ணியத்தில்! நான் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்காகத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறாள். அப்போதாவது நில்மினியைக் கூப்பிட்டிருக்கலாம். "பார்த்துப் போங்க அக்கா" என்றேன். பிறகு நில்மினி மாத்திரை கொண்டுவந்து, "ஏதாவது வேண்டுமா அக்கா?" என்று கேட்டாள். தோட்டத்துக்குப் போன் எடுத்து ஆளைத் திருப்பிக் கூப்பிட அப்போதும் நேரம் இருந்தது. "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. இப்போது பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், இப்போது சீர்த்தட்டு இறக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். ஒன்றும் ஆகாது, சிறுநீர்க் கிருமிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்லிக்கொண்ட அதே ஆள்தானே நான்.

திங்கட்கிழமை காலை அவளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வார்டுக்கு வரவில்லை, நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். நில்மினிதான் வந்து சொன்னாள். "உங்கள் பக்கத்துக் கட்டில் அம்மா. குடல்வால் வெடித்திருக்கிறது. சனிக்கிழமையே வெடித்திருக்கும் என்கிறார்கள். எப்படி அக்கா அந்த வலியோடு அவர் வீட்டில் விருந்து பரிமாறினார்?" கேட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மனநல டொக்டர் என்னைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது அம்மா. சிங்களத்தில் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தமிழில் கேட்கிறார்.

"நீங்கள் எப்பவாவது ‘என்னாலை ஏலாது, முடியாது’ எண்டு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீங்களோ?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லைங்க டொக்டர்."

"ஒருக்காலும்?"

"வீட்டுல கூட இல்லைங்க."

அந்தப் பிள்ளையின் ஃபோர்ம் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லாத் தாங்குற ஆள் எண்டு நீங்கள் எழுதிக் குடுத்தீங்கள். அவையும் நம்பி வேலையை ஏத்தினவை. உங்களுக்குள்ளை பலம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை, இருக்குது. ஆனா களைப்பை ஆருக்கும் காட்டாத பலம் ஆளைத்தான் திண்டுபோடும்" என்றார். நோயாளிகள்மேல் எரிச்சல் வருவதும், பேர் மறப்பதும், மனசு கல்லாவதும் என் கெட்ட குணம் இல்லையாம், எரிந்து தீர்ந்ததன் அடையாளமாம். எவ்வளவு ஆறுதலான வார்த்தை! எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சனிக்கிழமை காலையை மட்டும் சொல்லவில்லை. ஆறு வார லீவுக்கு எழுதித் தந்தார். திரும்பி வரும்போது நிரப்பிக்கொண்டு வரச்சொல்லி ஒரு ஃபோர்மும் தந்தார். பார்த்தால் அதே கேள்விகள்.

புதன்கிழமை என்னை வீட்டுக்கு விட்டார்கள். வியாழக்கிழமை இராமாயி இறந்துபோனாள். அம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். "வாயுள்ள புள்ளதான் பொழைக்கும். அந்தப் புள்ளைக்கு வாயே இல்ல, பாவம்" என்றாள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். எங்கள் லயத்தில் எல்லோரும் பொறுத்தவர்கள்தான். ஆண்டவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை.

நேற்று இராமாயியின் புருஷன் வந்தார். பேர் முத்தையா, தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. பதினாறாம் நாள் கருமாதிக்குச் சொல்ல வீடு வீடாக வருகிறார். அம்மா பாய் போட்டாள். அவர் உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸி, நீங்க பக்கத்துக் கட்டில்லதான் இருந்தீங்களாம். அவ வீட்டுக்கு வந்து சொன்னா. தங்கமான மிஸின்னு. வலி இருக்குன்னு ஒங்ககிட்டயாச்சும் சொன்னாளா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. பந்தியில நின்னு சோறு போட்டா மிஸி. சிரிச்சுக்கிட்டே போட்டா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது நிம்மதி. எனக்கும் நிம்மதி. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"சொன்னாங்க" என்றேன்.

"சொன்னாளா?"

"வெள்ளிக்கெழம சொன்னாங்க. வாந்தி எடுத்ததையும் சொன்னாங்க. டொக்டர்கிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. சனிக்கெழம டொக்டர் தமிழ் ஆள் கேட்டாரு. நான் முழிச்சுத்தான் இருந்தேன். கண்ண மூடிக்கிட்டேன்."

அம்மா அடுப்படியில் எதையோ கீழே போட்டாள். முத்தையா நிலையிலிருந்து கையை எடுத்தார். அடிக்க மாட்டாரா, திட்ட மாட்டாரா என்று இருந்தது.

"ஏம்மா?" என்றார். மிஸி என்று சொல்லவில்லை. "நீங்க நம்ம ஆளாச்சேம்மா. ஏம்மா சொல்லல?"

"என்னால முடியலைங்க" என்றேன்.

அந்த வார்த்தையை என் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. அவர் போகவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"அவளுக்கும் முடியாமத்தான் இருந்திருக்கு" என்றார் கடைசியில். "ஒங்களுக்கும் முடியல. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டு வாயத் தொறக்காம இருந்திருக்கீங்க."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மடியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து, அம்மா போட்ட பாயின் மேல் வைத்தார்.

நேற்று ராத்திரி மனநல டொக்டரின் ஃபோர்மை எடுத்தேன். ‘நோயாளி பேசும்போது காதில் விழாததுபோல் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் போட்டேன். மற்றவை அப்படியே கிடக்கின்றன. இன்று காலை வார்ட் சிஸ்டர் போன் எடுத்து, தமிழ் மிஸி இல்லாமல் ஆஸ்பத்திரியே திண்டாடுகிறது, உடம்பு எப்படி, எப்போது வருகிறாய் என்று அன்பாகத்தான் கேட்டார். போய் நின்றால் இராமாயி மாதிரி இன்னொருத்தி பேசும்போது கண் திறக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. போகாவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

முத்தையா நேற்றுப் போகும்போது வாசலில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"சடங்குக்குப் போட்ட பந்தல இன்னும் பிரிக்கல. அதுலயே கருமாதியும் வச்சிக்கிறோம். மூத்த புள்ள ஒங்களப் பாக்கணும்னு சொல்லுது, ஆத்தா ஆஸ்பத்திரில என்ன பேசுச்சுன்னு கேக்கணுமாம். வந்துருவீங்களா?"

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. சத்தியமாக முடியாது.

"வந்துர்றேங்க" என்றேன். பெரட்டில் பேர் கூப்பிட்ட மாதிரி, யோசிக்காமல், உடனே.